கேளுங்கள், சொல்கிறேன்: சிலிக்கான் பள்ளத்தாக்கில் காரில் ஒரு சுற்று

சென்ற மாத இதழில், மைத்துனர் மகனோடு கலிஃபோர்னியாவின் சிலிக்கான் பள்ளத்தாக்கை ஆறு நாள் காரில் சுற்றிவந்ததைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு பத்தி எழுதியிருந்தேன். கணினி நிறுவனங்கள், அருங்காட்சியகங்கள், உதிரிபாகக் கடைகள் ஆகியவற்றுக்கென்றே அமைந்த அந்தப் பயணத்தைப் பற்றி இத்தனை பேர் கடிதம் எழுதுவார்கள் என்று நினைக்கவில்லை. ஆகவே இந்த மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: தொலைபேசித் துறையில் 36 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். இளமையில் வால்வு ரேடியோவைப் பிரித்துச் சேர்ப்பதே என் பொழுதுபோக்கு. சான் ஹோசேயில் இருக்கும் மகள் வீட்டுக்கு மே மாதம் போகிறேன். மருமகன் நான்கு நாள் விடுப்பு எடுத்துக் காரில் அழைத்துப் போவதாகச் சொல்கிறார். எங்கிருந்து தொடங்கலாம்?
— ஓய்வு பெற்ற ஊழியர், மதுரை

பதில்: மருமகன் கூகுளில் தொடங்கலாம், ஆப்பிளில் தொடங்கலாம் என்பார். இணங்கிவிடாதீர்கள். உங்களைப் போன்றவர் தொடங்க வேண்டிய இடம் பாலோ ஆல்டோ நகரில் எமர்சன் தெருவும் சானிங் அவென்யூவும் சந்திக்கும் மூலை. அங்கே பார்ப்பதற்கு ஒரு நினைவுப் பலகையைத் தவிர வேறொன்றும் இல்லை. ஃபெடரல் டெலிகிராஃப் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் அந்த இடத்தில்தான் இருந்தது. கண்டுபிடிப்பாளர் லீ டி ஃபாரஸ்ட்டும் அவருடைய உதவியாளர்களும் 1911 முதல் 1913 வரை அங்கே வேலை செய்தபோதுதான், ஃபாரஸ்ட் முன்பே உருவாக்கியிருந்த மூன்று மின்முனை வால்வு ஒலிக் குறிகையை, அதாவது சிக்னலை, பெருக்கவும் வல்லது என்பதைக் கண்டுகொண்டார்கள். அந்தப் பெருக்கிக்கான உரிமையைத் தொலைபேசி நிறுவனம் வாங்கி மேம்படுத்தியதனால்தான், 1915-இல் நியூயார்க்கில் பேசியது சான் பிரான்சிஸ்கோவில் கேட்டது. நெடுந்தொலைவுக் கம்பிகளில் குறிகையைப் பெருக்கி அனுப்பும் ரிப்பீட்டர்களைப் பராமரித்த கை உங்களுடையது என்றால், அந்தப் பலகையின் முன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் நகர்வீர்கள்.

அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில், அடிசன் அவென்யூ 367-ஆம் எண் வீட்டின் பின்புறம் ஒரு மரக் கொட்டகை தெரியும். பில் ஹியூலெட்டும் டேவ் பாக்கார்டும் 538 டாலர் முதலீட்டில் 1939-இல் ஹியூலெட் பாக்கார்டு என்னும் தங்கள் நிறுவனத்தை நிறுவிய கார் கொட்டகை அதுதான். 'சிலிக்கான் பள்ளத்தாக்கின் பிறப்பிடம்' என்று மாநில அரசே அதற்குப் பலகை வைத்திருக்கிறது. அவர்களின் முதல் பொருள், ஒலி அதிர்வெண்களை உண்டாக்கும் ஆசிலேட்டர். வெளிவரும் குறிகையின் அளவு கூடாமலும் குறையாமலும் நிற்பதற்கு ஹியூலெட் அதன் சுற்றில் சாதாரணச் சிறு மின்விளக்கு ஒன்றைச் சேர்த்திருந்தார். குறிகை கூடினால் விளக்கின் இழை சூடேறும். சூடேறினால் மின்தடை கூடும். கூடிய தடை குறிகையை மீண்டும் கீழே இழுத்துவிடும். விலையுயர்ந்த ஏற்பாடுகள் செய்துவந்த வேலையைச் சில காசு பெறுமான விளக்கு செய்தது. வால்ட் டிஸ்னி நிறுவனம் இந்த வகையில் எட்டுக் கருவிகளைத் தன் படம் ஒன்றின் ஒலியமைப்புக்காக வாங்கியது. கொட்டகைக்குள் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. நடைபாதையில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். குடியிருப்புத் தெரு என்பதால் காரை ஓரமாக நிறுத்திவிட்டுக் குரலைத் தணித்துப் பேசுங்கள்.

மாலையில் மவுன்டன் வியூ பக்கம் வாருங்கள். டிரான்சிஸ்டருக்காக நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவரான வில்லியம் ஷாக்லி, சான் அன்டோனியோ சாலை 391-ஆம் எண்ணில் 1956-இல் தம் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். வயதான தாயார் பாலோ ஆல்டோவில் வசித்ததும் அவர் இந்தப் பக்கம் வந்ததற்கு ஒரு காரணம். ஆனால் அவருக்குக் கீழே வேலை செய்வது பெரும்பாடாக இருந்திருக்கிறது. 1957-இல் எட்டுப் பொறியாளர்கள் ஒன்றாக விலகிப் போய் ஃபேர்சைல்டு செமிகண்டக்டரைத் தொடங்கினார்கள். கிழக்கு சார்ல்ஸ்டன் சாலை 844-ஆம் எண் கட்டடத்தில் அந்த எட்டுப் பேரில் ஒருவரான ராபர்ட் நாய்ஸ், தொழிற்சாலையில் செய்யத்தக்க ஒருங்கிணைந்த மின்சுற்றை, அதாவது சில்லை, 1959-இல் வகுத்தார். அவரும் கார்டன் மூரும் 1968-இல் அங்கிருந்தும் வெளியேறித் தொடங்கியதுதான் இன்டெல். ஷாக்லியின் பழைய கட்டடம் இடிக்கப்பட்டுவிட்டது. அந்த இடத்தில் எழுந்துள்ள புதிய வணிக வளாகத்தின் நடைபாதையில் அக்காலத்து டயோடையும் டிரான்சிஸ்டரையும் ஆள் உயரத்துக்கும் மேலாகப் பெரிதாக்கிச் சிற்பங்களாக நிறுத்தியிருக்கிறார்கள். கடைக்கு வருகிறவர்களில் பலர் அவற்றை ஏதோ நவீனச் சிற்பம் என்று எண்ணிக் கடந்துபோகிறார்கள். நீங்கள் ஒரே பார்வையில் அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

கேள்வி: அலுவலகப் பணியாகப் போகும் எனக்குக் கிடைக்கப்போவது ஒரே ஒரு விடுமுறை நாள். எதைப் பார்க்கலாம்?
— மென்பொருள் பொறியாளர், பெங்களூரு

பதில்: மவுன்டன் வியூவில் ஷோர்லைன் பூல்வார்டில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகம் ஒன்று போதும். அந்த ஒரு நாள், பழைய கணினிகளை ஓட்டிக் காட்டும் சனிக்கிழமையாக அமைந்தால் அது உங்கள் நல்வாய்ப்பு.

இந்த அருங்காட்சியகத்தின் வேர் அமெரிக்காவின் கிழக்குக் கரையில், பாஸ்டன் நகரில் இருக்கிறது. அங்கிருந்த சேகரிப்பு 1996 முதல் சிறிது சிறிதாக மேற்குக்கு வந்து சேர்ந்தது. இப்போதைய கட்டடம் ஒரு காலத்தில் சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமானது. உச்சத்தில் இருந்த ஒரு கணினி நிறுவனத்தின் கட்டடமே கணினிகளின் நினைவகமாகியிருக்கிறது. மணிச்சட்டத்திலும் நழுவு கோலிலும் தொடங்கும் நிரந்தரக் காட்சி, எனியாக் கணினியின் பகுதிகள், கிரே-1 மீக்கணினி, ஆப்பிள்-1 என்று நீண்டுகொண்டே போகும். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பொருள்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனால், பாதி வழியிலேயே கால் கெஞ்ச ஆரம்பித்துவிடும். ஆகவே என் யோசனை இது: உள்ளே நுழைந்ததும் அன்று எந்த இயந்திரத்தை எத்தனை மணிக்கு ஓட்டிக் காட்டுகிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், மற்றவற்றை அந்த நேரங்களுக்கு இடையில் பாருங்கள்.

ஐபிஎம் 1401-ஐ ஓட்டும் அறையில் முதலில் நம்மை வந்தடைவது இரைச்சல். 1959-இல் அறிவிக்கப்பட்ட இந்தக் கணினி பத்தாயிரத்துக்கும் மேல் உற்பத்தியாகி, வங்கிகளிலும் காப்பீட்டு அலுவலகங்களிலும் கணக்கெழுதியது. அதன் மிகச் சிறிய வடிவத்தின் நினைவகம் 1,400 எழுத்துகள்தாம். இந்தப் பதில் முழுவதும் அதில் அடங்காது. ஆனால் அதனோடு இணைந்த 1403 அச்சுப்பொறி நிமிடத்துக்கு 600 வரி அடிக்கும். தகவலைத் துளைகளாகப் பொறித்த அட்டைகள் சரசரவென்று உள்ளே ஓடுவதும், தாள் மடிந்து மடிந்து பின்னால் விழுவதுமாக, கணக்கு என்பது ஒரு காலத்தில் ஆலை வேலையாகவே இருந்தது என்பதைக் காதாலேயே உணர்ந்துகொள்ளலாம். ஓட்டிக் காட்டுகிறவர்கள் தன்னார்வலர்கள்; அவர்களுள் பலர் அதே இயந்திரங்களைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர்கள். எதைக் கேட்டாலும் மூடியைத் திறந்தே காட்டுகிறார்கள்.

பிடிபி-1 என்னும் கணினி அதற்கு நேர்மாறாக அமைதியானது. வட்டத் திரையில் இரண்டு விண்கலங்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொள்ளும் ஸ்பேஸ்வார் ஆட்டத்தை அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் 1962-இல் எழுதியது இந்த வகை இயந்திரத்துக்காகத்தான். பார்வையாளர்களையும் ஆடவிடுகிறார்கள். நான் இரண்டு முறை ஆடி இரண்டு முறையும் நடுவிலிருக்கும் சூரியனில் விழுந்தேன்.

தவறவிடக் கூடாத மூன்றாவது, ராமாக் வட்டு. இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகளை ஓர் அச்சில் கோத்து, 50 லட்சம் எழுத்துகளைச் சேமித்த உலகின் முதல் வணிக வட்டு நினைவகம் அது, 1956-இல் வெளிவந்தது. அதை உருவாக்கிய ஐபிஎம் ஆய்வுக்கூடம் சான் ஹோசேயில் நோத்ர் டாம் அவென்யூ 99-ஆம் எண்ணில் இருந்தது. மாலையில் திரும்பும் வழியில் நேரமிருந்தால் அந்தத் தெருவையும் எட்டிப் பாருங்கள்.

கேள்வி: மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை தலைமை வகிக்கும் கூகுளையும், ஆப்பிள், மெட்டா நிறுவனங்களையும் உள்ளே போய்ப் பார்க்க முடியுமா?
— பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்

பதில்: அங்கே வேலை பார்க்கும் உறவினரோ நண்பரோ உடன் அழைத்துப் போனாலன்றி அலுவலகங்களுக்குள் போக முடியாது. இதைத் தெரிந்துகொண்டு போகிறவர்களுக்கு ஏமாற்றம் இல்லை.

கூகுள் 2023 அக்டோபரில், ஷோர்லைன் பூல்வார்டிலேயே, மேலே சொன்ன அருங்காட்சியகத்துக்கு மிக அருகில், பொதுமக்களுக்கென ஒரு மையத்தைத் திறந்தது. கிரேடியன்ட் கேனப்பி என்னும் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு கடையும் சிற்றுண்டி விடுதியும் இருக்கின்றன. மீன் செதில்களைப் போல அடுக்கிய சூரியத் தகடுகளால் ஆன அந்தக் கூரையை வெளியிலிருந்து சுற்றிப் பார்ப்பதே எனக்குக் கடையைவிட நிறைவாக இருந்தது. கூகுளின் தொடக்கத்தைப் பார்க்க விரும்பினால் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் தலா 4 ஜிபி கொள்ளளவுள்ள பத்து வட்டுகளைக் குழந்தைகள் விளையாடும் கட்டைகளால் கட்டிய பெட்டிக்குள் அடுக்கிய முதல் சேமிப்புக் கருவியைப் பல்கலைக்கழகம் பாதுகாத்துவருகிறது.

குப்பர்டினோவில் ஆப்பிள் தன் வளையக் கட்டடத்துக்கு எதிரே 2017-இல் ஒரு பார்வையாளர் மையத்தைத் திறந்தது. மாடியில் ஏறினால் மரங்களுக்கு நடுவே வளையத்தின் ஒரு கீற்று தெரியும். கீழே வளாகத்தின் அலுமினிய மாதிரி ஒன்று இருக்கிறது. அதன்மேல் கையடக்கக் கணினியைப் பிடித்தால் கூரை விலகி உட்புறம் தெரியும். அரை மணி நேரம் போதும். மெட்டாவுக்குப் போய்ப் பெயர்ப்பலகை முன் படமெடுத்துக்கொள்வது வழக்கம். படத்தை எடுத்த பின் பலகையின் பின்பக்கம் போய்ப் பார்க்கச் சொல்வேன். 2011-இல் மெட்டா, ஃபேஸ்புக் என்ற பெயரில் அந்த வளாகத்துக்குக் குடிபுகுந்தபோது, முன்பு அங்கிருந்த சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் பலகையைத் தூக்கியெறியாமல், திருப்பி மறுபக்கத்தில் தன் பெயரை எழுதிக்கொண்டது. பெரிய நிறுவனமும் வீழலாம் என்பதை நினைவூட்டும் அதைப் பார்த்துக்கொண்டே ஊழியர்கள் வேலைக்கு வரட்டும் என்பது நோக்கமாம்.

கேள்வி: ஸ்டீவ் ஜாப்ஸின் கார் கொட்டகையைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லையே, ஏன்? உலகமே அதைத்தானே கொண்டாடுகிறது?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: ஏனென்றால் நான் அங்கே காரை நிறுத்தவில்லை. லாஸ் ஆல்டோஸ் நகரில் உள்ள அந்த வீட்டுக்கு 2013-இல் வரலாற்றுச் சின்னம் என்ற தகுதி தரப்பட்டது உண்மை. ஆனால் அந்தக் கொட்டகையில் எதையும் வடிவமைக்கவில்லை, அது ஓரளவு கட்டுக்கதைதான் என்று ஜாப்ஸோடு ஆப்பிளை நிறுவிய ஸ்டீவ் வாஸ்னியாக்கே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஆப்பிள்-1 கணினியின் மின்சுற்றுப் பலகை வடிவமைப்பை அவர் செய்தது தம் குடியிருப்பிலும், அப்போது வேலை பார்த்த ஹியூலெட் பாக்கார்டு அலுவலகத்து மேசையிலும். அதைத் தொழிலாக்கியது மவுன்டன் வியூவில் பைட் ஷாப் என்ற கடையை நடத்திவந்த பால் டெரல். வெறும் பலகையாக வேண்டாம், பாகங்களைப் பற்றவைத்துத் தந்தால் 50 எடுத்துக்கொள்கிறேன், ஒன்றுக்கு 500 டாலர் தருகிறேன் என்று அவர் 1976-இல் சொன்னபோதுதான் ஆப்பிள் என்பது நிறுவனமாயிற்று. அந்தக் கடைக்கு யாரும் படமெடுக்கப் போவதில்லை என்பதுதான் வேடிக்கை. ஹியூலெட் பாக்கார்டு கொட்டகையைப் பார்க்கச் சொன்னவன் இதைத் தவிர்க்கச் சொல்வதேன் என்று கேட்பீர்கள். அங்கே வேலை நடந்தது, அதுதான் வேறுபாடு.

கேள்வி: கொழும்பில் இருந்த காலத்திலிருந்து மின்னணு உதிரிபாகக் கடைகளில் மணிக்கணக்கில் நிற்பது என் பழக்கம். சென்னை வந்தால் ரிச்சி தெருவுக்குப் போகாமல் திரும்ப மாட்டேன். சிலிக்கான் பள்ளத்தாக்கில் அப்படியொரு தெரு இருக்கிறதா?
— வாசகர், டொராண்டோ

பதில்: தெரு என்று எப்போதும் இருந்ததில்லை, கடைகள் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை இப்போது இல்லை என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

ஃப்ரைஸ் எலெக்ட்ரானிக்ஸ் 1985-இல் சன்னிவேலில் தொடங்கியது. நிறுவிய சகோதரர்கள் பலசரக்கு அங்காடிக் குடும்பத்திலிருந்து வந்தவர்கள். ஆகவே சிலிக்கான் சிப்பும் உருளைக்கிழங்கு சிப்ஸும் ஒரே கூரையின் கீழ் கிடைத்தன. இரவெல்லாம் கண்விழித்து வேலை செய்யும் பொறியாளருக்கு இரண்டுமே தேவை என்பது அவர்களின் கணக்கு. ஒவ்வொரு கிளைக்கும் ஓர் அலங்காரம் உண்டு. கேம்ப்பெல் நகரக் கிளை எகிப்தியக் கோயில். சான் ஹோசேக் கிளை மாயர் கோபுரம். 2021 பிப்ரவரியில் ஒரே நாளில் எல்லாக் கிளைகளையும் மூடிவிட்டார்கள். நிறுவனங்கள் கழித்துவிட்ட கருவிகளை விற்ற வியர்ட்ஸ்டஃப், கட்டடம் கைமாறியதால் 2018-இல் போய்விட்டது. பொறியாளர்கள் பலர் மாணவப் பருவத்தில் வாங்கிப் பழகிய ஹால்டெட் கடையும் அடுத்த ஆண்டு மூடப்பட்டது. சதுர அடிக்கு இவ்வளவு வாடகை என்றாகிவிட்ட ஊரில், ஐந்து சென்ட் ரெசிஸ்டரை அலமாரியில் வைத்துக் காத்திருக்க எவராலும் முடியவில்லை.

உங்களுக்கு எஞ்சியிருப்பவை இரண்டு. சான்டா கிளாராவில் உள்ள ஆங்க்கர் எலெக்ட்ரானிக்ஸ், உதிரிபாகங்களைச் சில்லறையாக விற்கும் பழைய பாணிக் கடை. கணினிப் பாகங்களுக்கு, 2012-இல் இந்த வட்டாரத்தை விட்டுப் போயிருந்த மைக்ரோ சென்டர், 2025-இல் சான்டா கிளாராவில் மீண்டும் கடை திறந்திருக்கிறது. அங்கே ஒரு மணி நேரம் தாராளமாகப் போகும். ஆனால் ரிச்சி தெருவில் கிடைக்கும் பேரமும் பேச்சும் கிடைக்காது.

கேள்வி: ஒன்பது வயது மகளையும் அழைத்துப் போகிறோம். பழைய இயந்திரங்களைப் பார்த்துக் குழந்தை சலித்துக்கொள்ளாதா?
— தாய் ஒருவர், திருச்சி

பதில்: சலித்துக்கொள்வாள். அதனால் அவளுக்கென்று ஒரு நாளைத் தனியாக விடுங்கள். சான் ஹோசேயில் மாம்பழ நிறச் சுவர்களோடு நிற்கும் 'தி டெக் இன்டராக்டிவ்' தொட்டும் செய்தும் பார்ப்பதற்கென்றே அமைந்தது. சான் பிரான்சிஸ்கோவில், இயற்பியலாளர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் 1969-இல் தொடங்கி, இப்போது கடலோரத்தில் 15-ஆம் படகுத்துறையில் இருக்கும் எக்ஸ்ப்ளோரட்டோரியம் அதைவிடவும் சிறந்தது என்பது என் கருத்து. சான்டா கிளாராவில் இன்டெல் தலைமையகத்தில் உள்ள சிறு அருங்காட்சியகத்தில், தூசு படாமல் சில்லு செய்யும் அறைக்குரிய வெள்ளை அங்கியின் மாதிரியும், 2,300 டிரான்சிஸ்டர்கள் கொண்ட 1971-ஆம் ஆண்டின் 4004 சில்லின் கதையும் இருக்கும். நிறுவனங்கள் நடத்தும் காட்சியகங்கள் நேரத்தை அடிக்கடி மாற்றுவதால், புறப்படும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அங்கே கார் ஓட்டுவது கடினமா? வழியில் யாரும் சொல்லாத இடம் ஒன்று சொல்லுங்கள்.
— வாசகர், சிங்கப்பூர்

பதில்: சுற்றுலாவாக வருகிறவர் தம் நாட்டு உரிமத்தோடு கலிஃபோர்னியாவில் ஓட்டலாம், வாடகைக் கார் தருகிறவர்கள் பன்னாட்டு அனுமதியையும் கேட்கக்கூடும். வலப்புறம் ஓட்டுவது இரண்டாம் நாளே பழகிவிடும். 101-ஆம் நெடுஞ்சாலை நெரிசல். 280 மலையடிவாரத்தில் போகும் அழகிய சாலை. கோல்டன் கேட் பாலத்தில் ரொக்கம் வாங்குவதில்லை, எல்லாம் மின்னணு முறையில்தான். சான் பிரான்சிஸ்கோவில் காருக்குள் ஒரு பையைக்கூட விட்டுவிட்டு இறங்காதீர்கள். மற்றொன்று, கிழமை. இரண்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டு போய் ஓர் அருங்காட்சியகத்தின் பூட்டிய கதவைத் தொட்டுத் திரும்பிய அனுபவம் எங்களுக்கு உண்டு. திங்கள், செவ்வாய்களில் திறந்திருக்கும் என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டது எங்கள் பிழை.

அந்த 280-லிருந்து ஆல்பைன் சாலையில் இறங்கினால், போர்ட்டோலா வேலியில் ஆல்பைன் இன் என்ற பழைய மரக்கட்டட மதுவிடுதி வரும். எஸ்ஆர்ஐ ஆய்வு நிறுவனத்தினர் 1976 ஆகஸ்ட் 27 அன்று வானொலிக் கருவிகள் பொருத்திய ஒரு வேனை இங்கே நிறுத்தி, முற்றத்து மேசை ஒன்றின்மேல் கணினி முனையத்தை வைத்துக் கம்பியால் இணைத்து, அறிக்கை ஒன்றை அனுப்பினார்கள். அது வேனிலிருந்து வானொலி வலையமைப்பின் வழியே போய், அர்ப்பாநெட் என்னும் மற்றொரு வலையமைப்பில் நுழைந்து இலக்கை அடைந்தது. தன்மையில் வேறுபட்ட இரு வலையமைப்புகளை ஒரே தகவல் பரிமாற்ற நெறிமுறையால் இணைத்ததால் இணையத்தின் வரலாற்றில் இதற்குத் தனி இடம் உண்டு. விடுதியில் ஒரு பலகை இருக்கிறது. நாங்கள் எலுமிச்சைச் சாறு மட்டும் அருந்திவிட்டு வந்தோம். வண்டி ஓட்ட வேண்டுமே.

கேள்வி: சியாட்டிலில் பழைய கணினிகளை நாமே இயக்கிப் பார்க்கும் அருங்காட்சியகம் உண்டென்று கேள்விப்பட்டேன். பயணத்தில் அதைச் சேர்க்கலாமா?
— ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: சேர்க்க முடியாது. மைக்ரோசாஃப்டை நிறுவியவர்களில் ஒருவரான பால் ஆலன் 2012-இல் திறந்த 'லிவிங் கம்ப்யூட்டர்ஸ்' 2020-இல் கதவடைத்தது. இனித் திறக்காது என்று 2024-இல் அறிவித்து, சேகரிப்பின் ஒரு பகுதியை ஏலத்துக்கும் விட்டுவிட்டார்கள். நிறுவியவர் 2018-இல் காலமானார். வேறு யாரும் அதே ஆர்வத்தோடு அதைத் தாங்கவில்லை. நீண்ட சாலைப் பயணத்துக்கு அஞ்சாதவர் என்றால் மொன்டானா மாநிலத்தின் போஸ்மன் நகரில், 1990 முதல் இயங்கும் அமெரிக்கக் கணினி, ரோபாட்டிக்ஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. சிறிய ஊர், வியக்கத்தக்க சேகரிப்பு.

கேள்வி: அங்கிருந்து நீங்கள் வாங்கிவந்த பொருள் என்ன?
— வாசகி, புதுச்சேரி

பதில்: வாங்கியது ஒன்றுமில்லை. 1401 அறையில் துளையிடும் இயந்திரத்தின் முன் உட்காரவைத்து என் பெயரை அடிக்கச் சொன்னார்கள். தட்டச்சு செய்தபோது ஒவ்வோர் எழுத்துக்கும் விசைப்பலகை அதிர்ந்தது. அட்டையில் எழுத்துக்கு ஒன்றாக 80 பத்திகள், அதாவது நெடுவரிசைகள். என் பெயருக்கு ஒன்பது போதுமானதாக இருந்தது. மீதி 71 பத்திகளும் வெறுமையாக இருக்கும் அந்த அட்டையைத்தான் இப்போது படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தில் பக்க அடையாளமாக வைத்திருக்கிறேன்.